கரஃப்ஸும் காஃபூரும்: பாரிசவாதத்துக்கு மூலிகை தேடிய நீண்ட கதை



நம் ஊர் வட்ஸ்அப் குழுக்களில் பாரிசவாதம் பற்றிய செய்திகளுக்குக் குறைவே இல்லை. பத்து விரல் நுனியிலும் ஊசியால் குத்தி இரத்தம் எடுக்கச் சொல்கிறது ஒன்று. கருஞ்சீரக எண்ணெய் இருந்தால் பிரஷர் குளிசை தேவையில்லை என்கிறது இன்னொன்று. செலரிச் சாறு குடித்தால் மூளை பழையபடி ஆகிவிடும், சீனாக்காரர் கண்டுபிடித்துவிட்டார்கள் என்கிறது மற்றொன்று.

முதல் இரண்டும் ஆபத்தான பேச்சு. மூன்றாவதில் மட்டும் ஒரு துளி உண்மை இருக்கிறது. அந்தத் துளி எங்கிருந்து வந்தது, அது எப்படிப் பொய்யாகப் பெருகியது என்பதை வரலாற்றோடு சேர்த்துப் பார்ப்போம். பதிவு கொஞ்சம் நீளம். ஆறுதலாக வாசியுங்கள், வீட்டில் பெரியவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

*பழைய நூல்களில் இந்த வருத்தம்*

திடீரென்று ஒருவர் உணர்விழந்து விழுவதை அரபு வைத்திய நூல்கள் 'ஸக்தா' என்றும், உடலின் ஒரு பக்கம் செயலிழப்பதை 'ஃபாலிஜ்' என்றும் பிரித்து எழுதின. இப்னு ஸீனா (980–1037) தமது 'அல்-கானூன் ஃபித் திப்' நூலில் இரண்டையும் பற்றி எழுதியிருக்கிறார். நோய் கையிலும் காலிலும் தெரிந்தாலும் அதன் வேர் மூளையிலும் நரம்பிலும் இருக்கிறது என்ற விளக்கம் அந்தக் காலத்து வைத்தியர்களிடம் இருந்தது. ஆனால் மூளைக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க அவர்களுக்கு வழி இருக்கவில்லை. 1658இல் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த யோஹான் யாகோப் வெப்ஃபர், இப்படி இறந்தவர்களின் மூளையை அறுத்துப் பார்த்து, உள்ளே இரத்தம் கசிந்திருப்பதை எழுதி வைத்தார். குழாய் அடைபட்டாலும் இந்த வருத்தம் வரும் என்பது பின்னர் தெளிவாகியது.

இன்று எல்லோரும் அறிந்திருக்க வேண்டிய விடயம் இது. பாரிசவாதம் இரண்டு வகை. ஒன்று இரத்தக்குழாய் அடைபட்டு வருவது, மற்றது குழாய் வெடித்து இரத்தம் கசிந்து வருவது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் ஒன்றுக்கான மருந்து மற்றதற்கு நஞ்சாகலாம். எது என்று சொல்ல ஸ்கேன் வேண்டும். நாடி பிடித்துச் சொல்ல முடியாது.

*அரைநிழல்*

1977இலிருந்து 1981 வரையான காலத்தில் லின்ட்சே சைமன், ஜென்ஸ் ஆஸ்ட்ரப் முதலானோர் செய்த ஆய்வுகள் ஒரு பெரிய நம்பிக்கையைக் கொடுத்தன. குழாய் அடைபட்டதும் நடுப்பகுதி சில நிமிடங்களில் இறந்துவிடுகிறது. அதைச் சுற்றியுள்ள பகுதி உடனே இறப்பதில்லை. வேலை செய்வதை நிறுத்திவிட்டு, குறைந்த இரத்தத்தில் தாக்குப்பிடித்துக்கொண்டு காத்திருக்கிறது. கிரகணத்தின்போது முழு இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் இடையில் விழும் அரைநிழலின் பெயரையே அதற்கு வைத்தார்கள். அந்தப் பகுதிக்கு இரத்தம் திரும்பினால் கையும் பேச்சும் திரும்பலாம். திரும்பாவிட்டால் சில மணித்தியாலங்களில் அதுவும் இறந்துவிடும்.

அந்தச் சில மணித்தியாலங்களில் அங்கே என்ன நடக்கிறது? குளுட்டமேட் என்ற இரசாயனம் அளவுக்கு மீறிக் கொட்டுகிறது, கல்சியம் கலங்களுக்குள் புகுகிறது, ஒட்சிசனில் இருந்து பிறக்கும் தீவிரத் துணிக்கைகள் கலச்சுவரை அரிக்கின்றன, பிறகு அழற்சி வருகிறது. கணக்குப் பார்த்த அமெரிக்க வைத்தியர் ஜெஃப்ரி ஸேவர், பெரிய குழாய் ஒன்று அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 இலட்சம் நரம்புக்கலங்கள் இறக்கின்றன என்று 2006இல் எழுதினார்.

இதிலிருந்து இரண்டு வழிகள் பிறந்தன. ஒன்று, அடைப்பைத் திறப்பது. கட்டியைக் கரைக்கும் ஊசி பயன் தருகிறது என்று 1995இல் அமெரிக்க ஆய்வு காட்டியது. முதலில் 3 மணித்தியாலம் என்றிருந்த எல்லை 2008க்குப் பிறகு 4½ மணித்தியாலமானது. 2015இல் குழாய்க்குள் கம்பி விட்டுக் கட்டியை இழுத்தெடுக்கும் முறையும் நிரூபணமானது. மற்ற வழி, இரத்தம் திரும்பும் வரை மூளைக்கலங்களைக் காப்பாற்றிக்கொடுக்கும் மருந்தைத் தேடுவது. மூலிகைகள் வந்து சேர்ந்தது இந்த இரண்டாவது வழியில்தான்.

*எலியைக் காப்பாற்றிய ஆயிரம் மருந்துகள்*

2006இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஒரு கணக்கெடுத்தார்கள். பாரிசவாதத்தில் மூளையைக் காக்கும் என்று ஆய்வுகூடங்களில் பரிசோதிக்கப்பட்டவை மொத்தம் 1,026. அவற்றில் மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கப்பட்டவை 114. எலியில் நன்றாக வேலை செய்தவை மனிதரிடம் வந்ததும் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றன. பெரிய கம்பனியின் NXY-059 என்ற மருந்து 2006இல் 1,700 நோயாளரில் பயன் தருவதுபோலத் தெரிந்தது. உலகமே சந்தோஷப்பட்டது. அடுத்த வருடம் 3,300 பேரில் மீண்டும் செய்து பார்த்தபோது ஒன்றும் இல்லை.

இந்த இடத்தில் நாம் பெருமையோடு நினைக்க வேண்டிய ஒரு விடயம் இருக்கிறது. மருந்தைப் பரீட்சிப்பது எப்படி என்று இப்னு ஸீனா 'அல்-கானூன்' நூலின் இரண்டாம் பாகத்தில் விதிகள் எழுதி வைத்திருக்கிறார். மருந்து கலப்படமின்றி இருக்க வேண்டும், பலன் ஒருமுறை மட்டுமன்றித் திரும்பத் திரும்ப வர வேண்டும், பலன் எந்த நேரத்தில் வருகிறது என்று கவனிக்க வேண்டும் என்றெல்லாம் சொன்னவர், பரீட்சை மனித உடலில் நடக்க வேண்டும் என்றும் சொன்னார். சிங்கத்திலோ குதிரையிலோ வேலை செய்தது மனிதனிலும் வேலை செய்யும் என்று கொள்ள முடியாது என்பது அவர் சொன்ன காரணம். ஆயிரம் வருடத்துக்கு முன் எழுதியது!

அவருக்கும் முன்னர் வாழ்ந்த அர்-ராஸி (865–925), மூளைக் காய்ச்சல் நோயாளரில் ஒரு கூட்டத்தாருக்கு இரத்தம் எடுத்து, இன்னொரு கூட்டத்தாருக்கு வேண்டுமென்றே எடுக்காமல் விட்டு, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்ததைக் குறித்து வைத்தார். மருந்து கொடுத்தவர், கொடுக்காதவர் என்று பிரித்துப் பார்க்கும் இன்றைய முறையின் வேர் அங்கேயும் இருக்கிறது. ஆகவே, ஆதாரம் கேட்பது மேற்கத்தேயப் பழக்கம், நமது பாரம்பரியத்துக்கு விரோதம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆதாரம் கேட்பதும் நமது பாரம்பரியம்தான்.

*செலரி விதை: கரஃப்ஸ்*

இனி அந்த ஒரு துளி உண்மைக்கு வருவோம். செலரியை யூனானி வைத்தியத்தில் 'கரஃப்ஸ்' என்பார்கள். அதன் விதை பல நூற்றாண்டுகளாக யூனானி மருந்துச் சரக்குகளில் ஒன்று. பெரும்பாலும் சிறுநீர் பிரிவதற்கும் வாயுக் கோளாறுக்கும் கொடுத்தார்கள்.

செலரி விதைக்கு அதன் வாசனையைக் கொடுக்கும் எண்ணெயில் பியூட்டைல்தலைடு என்ற ஒரு பொருள் இருக்கிறது. சீன மருத்துவ விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அதைத் தனியாக எடுத்து, பிறகு விதையே இல்லாமல் ஆய்வுகூடத்தில் செய்யும் முறையையும் கண்டார்கள். 2002இல் அது பாரிசவாத மருந்தாகச் சீனாவில் அனுமதி பெற்றது.

அதன் மிகப் பெரிய சோதனைகளில் ஒன்றின் முடிவு 2023இல் வெளிவந்தது. 59 வைத்தியசாலைகள், 1,216 நோயாளர். பாதிப் பேருக்கு மருந்து, மறுபாதிக்கு மருந்துபோலவே தோன்றும் வெற்றுப் பொருள். யாருக்கு எது என்று வைத்தியருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது. 90 நாளில் நல்ல நிலைக்கு வந்தவர்கள் மருந்து பெற்றவர்களில் 56.7 வீதம், வெற்றுப் பொருள் பெற்றவர்களில் 44.0 வீதம். இது சின்ன வித்தியாசம் அல்ல.

ஆனால் வட்ஸ்அப் செய்தி சொல்லாத மூன்று விடயங்கள் இருக்கின்றன.

முதலாவது, அந்த 1,216 பேரும் வருத்தம் தொடங்கி 6 மணித்தியாலத்துக்குள் ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள். கட்டி கரைக்கும் ஊசியோ, கட்டியை இழுத்தெடுக்கும் சிகிச்சையோ அவர்களுக்குக் கிடைத்தது. செலரி மருந்து அந்தச் சிகிச்சைக்கு மேலதிகமாகக் கொடுக்கப்பட்டது. அதற்குப் பதிலாகக் கொடுக்கப்படவில்லை. வீட்டில் படுக்கவைத்துச் சாறு கொடுத்த ஒருவர்கூட அந்த ஆய்வில் இல்லை.

இரண்டாவது, அது சாறு அல்ல. தூய்மையாக்கி, அளந்து, முதலில் ஊசியாகவும் பின்னர் குளிசையாகவும் கொடுக்கப்பட்ட இரசாயனம். குளிசை என்றால் ஒரு தடவைக்கு 200 மில்லிகிராம், நாளைக்கு 3 தடவை என்பது வழக்கமான அளவு. சந்தையில் வாங்கும் செலரிக் கட்டில் அந்தப் பொருள் எவ்வளவு என்று எந்தக் கடைக்காரரும் அளந்து தருவதில்லை. சூப்பில் போட்டுச் சாப்பிடுங்கள், நல்லது. மருந்து என்று நினைக்காதீர்கள்.

மூன்றாவது, ஆய்வு முழுதும் சீனாவில் நடந்தது. இப்னு ஸீனா சொன்னபடி பலன் திரும்பத் திரும்ப வர வேண்டும். வேறு நாட்டு மக்களிலும் செய்து பார்த்து அதே முடிவு வந்தால்தான் உறுதியாகச் சொல்லலாம்.

*காஃபூர்: பரூஸ் துறைமுகத்திலிருந்து*

காஃபூர் என்றதும் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது ஜனாஸா. மையித்தைக் குளிப்பாட்டும்போது கடைசி நீரில் கலக்கும் அந்த வாசனை. சுவர்க்கத்தின் பானத்தில் காஃபூர் கலந்திருக்கும் என்று சூரா அல்-இன்ஸானில் வருவதையும் நாம் ஓதியிருக்கிறோம்.

அந்தக் காலத்தில் உயர்ந்த காஃபூர் வந்த இடம் சுமாத்ராத் தீவின் மேற்குக் கரையில் இருந்த பரூஸ். அரபு வணிகர்கள் அதை 'ஃபன்ஸூர்' என்றார்கள். காட்டில் வளரும் பெரிய மரத்தின் நடுவில் பளிங்குபோல் உறைந்திருக்கும் பொருள் அது. மரத்தை வெட்டிப் பிளந்துதான் எடுக்க வேண்டும் என்பதால் விலை மிக அதிகம். அந்த வணிகத்தில் தமிழ் வணிகர்களும் இருந்தார்கள். பரூஸுக்கு அருகில் லோபு துவா என்ற இடத்தில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் வைத்தது. அரபியும் தமிழும் சீனமும் பேசியவர்கள் ஒரே சரக்குக்காகக் கூடிய கரை அது.

சீனர்கள் அந்தப் பளிங்குக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? 'டிராகன் மூளை'. மயங்கிக் கிடப்பவரை எழுப்பும் வாசனை மருந்துகளில் அதைச் சேர்த்தார்கள். அதன் பிரதான பொருளை இன்று போர்னியோல் என்கிறோம். போர்னியோத் தீவின் பெயரால் வந்தது. இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையில் உள்ள காவல் சுவரைக் கடந்து மற்ற மருந்துகளும் உள்ளே போக அது உதவுகிறது என்று விலங்கு ஆய்வுகள் காட்டின.

எடரவோன் என்ற மருந்து 2001இல் ஜப்பானில் பாரிசவாதத்துக்கு அனுமதிக்கப்பட்டது. அது மூலிகை அல்ல, செயற்கை மருந்து. சீன ஆய்வாளர்கள் அதோடு போர்னியோலைச் சேர்த்தார்கள். 1,165 நோயாளரில் நடந்த ஆய்வு 2021இல் வெளிவந்தது. கலவை பெற்றவர்களில் 67 வீதமானோரும், எடரவோன் மட்டும் பெற்றவர்களில் 59 வீதமானோரும் 90 நாளில் நல்ல நிலைக்கு வந்தார்கள். நாக்குக்குக் கீழே வைக்கும் குளிசையாக 914 பேரில் செய்த ஆய்வு 2024இல் வந்தது. 64.4 வீதத்துக்கு எதிராக 54.7 வீதம். இவையும் சீனாவில் நடந்தவைதான்.

ஒரு எச்சரிக்கை. இன்று கடைகளில் விற்கும் கற்பூரம் அந்தப் பரூஸ் காஃபூர் அல்ல. அது வேறு மரத்திலிருந்தோ, டர்பன்டைனிலிருந்து இரசாயன முறையிலோ செய்யப்படும் வேறு பொருள். அதை விழுங்கினால் வலிப்பு வரும், குழந்தைகள் இறந்தும் இருக்கிறார்கள். யாரும் அதை வாயில் வைக்க வேண்டாம்.

*நம் நாடும் பங்கெடுத்த ஆய்வு*

2001இல் சீனாவில் அனுமதி பெற்ற இன்னொரு மருந்து, ஒன்பது மூலிகைகளும் ஐந்து விலங்குப் பொருட்களும் சேர்ந்த கலவை. நியூரோஎய்ட் என்ற பெயரில் சிங்கப்பூர்க் கம்பனி ஒன்று அதை விற்றது. அதைப் பரீட்சிக்கப் பெரிய ஆய்வொன்று நடந்தது. சிங்கப்பூர், பிலிப்பைன்ஸ், தாய்லாந்து முதலான நாடுகளோடு இலங்கை நோயாளரும் அதில் சேர்ந்தார்கள். மொத்தம் சுமார் 1,100 பேர். 2013இல் முடிவு வந்தது. மூன்றாம் மாதத்தில் மருந்து பெற்றவருக்கும் வெற்றுப் பொருள் பெற்றவருக்கும் உறுதியாகச் சொல்லக்கூடிய வித்தியாசம் இல்லை. பிறகு நீண்ட காலம் பின்தொடர்ந்ததில் சில நல்ல அறிகுறிகள் தெரிந்தன என்று எழுதினார்கள். ஆனாலும் ஆய்வு முதலில் கேட்ட கேள்விக்குக் கிடைத்த பதில் 'இல்லை' என்பதுதான்.

2024இல் இன்னொன்று. இரத்தக்கசிவு வகைப் பாரிசவாதத்துக்குச் சீனாவில் நீண்டகாலமாகக் கொடுத்து வந்த ஒரு மூலிகைக் கஷாயக் கலவையை 26 வைத்தியசாலைகளில் 1,648 பேரில் பரீட்சித்தார்கள். பயன் இல்லை. அதை மறைக்காமல் 'லான்செட்' சஞ்சிகையில் வெளியிட்டார்கள். தங்கள் சொந்த வைத்தியத்தைத் தாங்களே பரீட்சித்து, தோற்றதையும் சொன்ன அந்த நேர்மை நமக்கு ஒரு பாடம்.

நமது வல்லாரையும் கருஞ்சீரகமும் இந்தப் பாதையில் எங்கே நிற்கின்றன? பாரிசவாதத்தைப் பொறுத்தவரை இன்னும் பெரும்பாலும் எலி ஆய்வுகளில்தான். அவை உணவாக நல்லவை. கருஞ்சீரகத்தின் மீது நமக்குள்ள மதிப்பு ஹதீஸிலிருந்து வந்தது, அது அப்படியே இருக்கட்டும். ஒவ்வொரு நோய்க்கும் மருந்து உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதும் மருந்து செய்யுங்கள் என்று ஏவியதும் நாம் அறிந்தவை. தேடுவதும் அளப்பதும் பரீட்சிப்பதும் அந்த ஏவலுக்குள் அடங்கும் என்றே நாம் விளங்கிக்கொள்கிறோம்.

*ஏன் இதை எழுதினோம்*

பாடசாலையில் இருக்கும் நாங்கள் இதை வேறு ஒரு பக்கத்திலிருந்து பார்க்கிறோம். நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று வரவு குறைகிறது. விசாரித்தால் வாப்பாவுக்குப் பாரிசவாதம். காலையில் வாய் கோணியது, முதலில் எண்ணெய் தேய்க்கக் கொண்டுபோனார்கள், அடுத்த நாள்தான் ஆஸ்பத்திரி. அதற்குள் அரைநிழல் முழு இருட்டாகிவிட்டது. பிறகு மூத்த பிள்ளை கடைக்கு வேலைக்குப் போகும், உம்மா நாள் முழுதும் கட்டிலுக்குப் பக்கத்தில். ஒரு குடும்பத்தின் கதை அல்ல இது, உங்களுக்கும் தெரிந்த வீடுகள் இருக்கும்.

ஆகவே சில விடயங்களை மனதில் வையுங்கள்.

1. முகம் ஒரு பக்கம் இழுக்கிறதா, கையைத் தூக்கச் சொன்னால் ஒன்று விழுகிறதா, பேச்சுக் குழறுகிறதா? ஒன்று இருந்தாலே போதும், உடனே 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். தொடங்கிய நேரத்தைக் கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், வைத்தியர் கேட்கும் முதல் கேள்விகளில் அது ஒன்று. ஸ்கேனும் கட்டி கரைக்கும் ஊசியும் எல்லா ஆஸ்பத்திரியிலும் இல்லை, அதனால் வீட்டில் வீணாகும் ஒவ்வொரு நிமிடமும் இரட்டிப்பு நட்டம்.

2. வாயில் எதையும் கொடுக்க வேண்டாம். தண்ணீர், தேன், எண்ணெய், எதுவுமே. விழுங்க முடியாமல் மூச்சுக்குழாய்க்குள் போகும். அஸ்பிரினும் வீட்டில் கொடுக்கக்கூடாது. வில்லோ மரப்பட்டையின் வழிவந்த அந்த மருந்து அடைப்பு வகைக்கு உதவும் என்பது 1997இல் 40,000 பேருக்கு மேல் சேர்ந்த இரண்டு ஆய்வுகளில் நிரூபணமானது. ஆயிரம் பேருக்குக் கொடுத்தால் சுமார் பத்துப் பேர் தப்புவார்கள். ஆனால் கசிவு வகையாக இருந்தால் அதே குளிசை நிலைமையை மோசமாக்கும்.

3. பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோல் குளிசைகளை எந்த மூலிகைக்காகவும் நீங்களாக நிறுத்தாதீர்கள். ஜின்கோ போன்ற மூலிகைக் குளிசை எடுப்பவர்கள் அதை வைத்தியரிடம் சொல்லுங்கள். இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மருந்தோடு சேர்ந்தால் கசிவு வரக்கூடும்.

4. நம் பரிசாரியாரையும் ஹகீமையும் நாம் ஒதுக்கச் சொல்லவில்லை. கொழும்புப் பல்கலைக்கழகத்தில் யூனானியைப் பட்டப்படிப்பாகவே படிக்கிறார்கள். முறையாகப் படித்தவர், வாய் கோணிய ஒருவரைக் கண்டால் தாமே ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார். ஆபத்து நீங்கி வீடு வந்தபிறகு, கைகால் பயிற்சிக் காலத்தில், வைத்தியருக்குத் தெரியப்படுத்தி அவரின் உதவியைப் பெறலாம்.

5. அடுத்த தடவை "சீனாவில் கண்டுபிடித்துவிட்டார்கள்" என்று செய்தி வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். மனிதரில் செய்தார்களா? மருந்து கொடுக்காத கூட்டத்தோடு ஒப்பிட்டார்களா? இன்னொரு இடத்திலும் அதே பலன் வந்ததா? அர்-ராஸியும் இப்னு ஸீனாவும் கேட்ட கேள்விகள்தான் இவை.

செலரியிலிருந்தும் காஃபூரிலிருந்தும் வந்த மருந்துகள் ஒருநாள் நம் ஆஸ்பத்திரிகளுக்கும் வரலாம். வந்தாலும் அவை உதவப்போவது நேரத்துக்கு வந்து சேர்ந்தவர்களுக்குத்தான்.

இந்தப் பதிவை உங்கள் குடும்பக் குழுக்களில் பகிருங்கள். 1990 என்ற இலக்கத்தை உங்கள் பெற்றோரின் தொலைபேசியில் இன்றே பதிந்து கொடுங்கள், பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். நோயுற்றிருக்கும் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.